கூடை நிற்காத வாசலிலிருந்து

என் பச்சையம்மா அத்தைக்கு, சர்ச் புத்தகத்தில் சாராள் என்று பேர் எழுதியிருந்தவளுக்கு, உன் அஞ்சலை ஆசையோடு எழுதுவது.

வருகிற ஆடி வந்தால் நீ போய் ஒரு வருஷம். உனக்குப் படிக்கத் தெரியாது. உன் பிள்ளை வாலாஜாபாத் ரைஸ் மில்லிலிருந்து கார்டு போட்டால் நான்தான் படித்துக் காட்டுவேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று நான் ஆரம்பித்ததும், "அத்தெல்லாம் வுடுடி, எப்ப வரானாம், அத்தப் படி" என்பாய். இப்போது இதை அங்கே யார் உனக்குப் படித்துக் காட்டப்போகிறார்கள்? அது தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கரண்டுக் கம்பம் நட்டுக்கொண்டே வந்தார்கள். ஊர்த்தெரு முடிகிற இடத்தில் கம்பமும் முடிந்துவிட்டது. நம் தெருவுக்கு அடுத்த வருஷமாம். எந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. உன் பிள்ளை தானியேல் அதே மில்லில்தான் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். உன் பேத்தி எஸ்தர் இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து கிழவி மாதிரி பேசுகிறாள். உன்னை மாதிரி என்று எழுத வந்தேன். உனக்குத்தான் கடைசி வரைக்கும் ஒரு பல்லும் விழவில்லையே.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். அதை மெதுவாகச் சொல்கிறேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எனக்கு இந்தத் தெருவில் ஆள் இல்லை. போதகரிடம் போனால் முதலில் ஞானஸ்நானம் வாங்கு என்பார். பூசாரியிடம் போனால் முதலில் வேதக்காரர் வீட்டை விட்டு வா என்பார். நடுவில் நிற்கிறவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? நீ ஒருத்திதான் கேட்டாய்.

கல்யாணம் ஆன புதிதில், மாமியாரை நீ என்று கூப்பிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் 'நீங்க' போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ கேட்டாய்: "இன்னாடி இது, அண்ணம் பொண்ணு வூட்டுக்கு வந்துகீறான்னு பாத்தா, தாசில்தாரு பொண்ணு வந்துகீறா?" அன்றோடு விட்டேன். இந்தக் கடிதத்திலும் நீதான்.

என் நைனாவும் நீயும் கூடப்பிறந்தவர்கள். காவாந்தண்டலத்தில் ஒரே குடிசையில், ஒரே முனீஸ்வரனைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த முனீஸ்வரனுக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை. களத்து மேட்டில் மஞ்சள் பூசின மூன்று செங்கல்தான் அவர். நீ வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு சாராள் ஆனாய். நம் சனங்களில் அது புதிதில்லை. அண்ணன் விபூதி பூசுவான், தம்பி சர்ச்சுக்குப் போவான், பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போதுதான் புத்தகத்தைத் திறப்பார்கள்.

நைனா செத்து மூன்று மாதம் கழித்து உன் பிள்ளைக்கு என்னைக் கேட்டு வந்தாய். சர்ச்சில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் நான் ஞானஸ்நானம் வாங்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் வகுப்பு. போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால், மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துகிற உபதேசியார்தான் பாடம் எடுத்தார். கட்டளைகள் சொல்லிக் கொடுத்தார், ஜெபம் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. ஏசுசாமியையும் பிடித்திருந்தது. யாரும் சேர்க்காத சனங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவரை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

ஆறாவது வாரம் அந்தக் கேள்வி வந்தது. பிசாசையும் அதன் செய்கைகளையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்பார்கள், விட்டுவிடுகிறேன் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சரி, சொல்கிறேன் என்றேன். உபதேசியார் அதோடு விட்டிருக்கலாம். "பிசாசுன்னா இன்னான்னு தெரிமா? உங்கப்பன் கும்ட்டுகினு இருந்தானே செங்கல்லு, அதான்" என்றார்.

எனக்கு ஒன்பது வயதில் விஷக்காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். அம்மா இல்லாத பெண். நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஐப்பசி மழை, ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வழி நெடுக அவர் வாயில் ஒரே வார்த்தைதான்: "முனியா, கூடவே வா. முனியா, கூடவே வா." காப்பாற்று என்றுகூட அவர் கேட்கவில்லை. கூட நடந்து வந்தால் போதும் என்றுதான் கேட்டார். அன்றைக்கு அந்த மழையில் எங்களோடு நடந்து வந்தது யார் அத்தை? பிசாசா?

நான் வகுப்பிலிருந்து எழுந்து நேரே உன்னிடம் வந்தேன். எனக்கு உன் பிள்ளை வேண்டாம் என்று அழுதேன். நீ நொய் புடைத்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னதைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாய்.

"நான் சொன்னேன்டி அஞ்சல" என்றாய். "எனக்கு அப்ப பதினாலு வயசு. வுட்டுட்றேன், வுட்டுட்றேன், வுட்டுட்றேன்னு மூணு வாட்டி சொன்னேன். வாயால சொல்லிகினே மனசுக்குள்ள, முனியா, தப்பா எட்த்துக்காதன்னு கெஞ்சிகினு இருந்தேன். அதுக்கப்புறம் ஒரு வருசம் எங்கண்ணன் மூஞ்சியப் பாக்க எனக்குக் கூசிச்சு. நீ சொல்லாத."

"அப்ப கல்யாணம்?" என்றேன்.

"அது நடக்கும். ஆண்டவரு இன்னா, சர்ச்சுப் பூட்டாண்டயே குந்திகினு கீறாரா?"

கல்யாணம் உன் வீட்டு வாசலில் நடந்தது. நீயே ஜெபம் பண்ணினாய், நீயே மஞ்சள் கயிற்றை எடுத்து உன் பிள்ளை கையில் கொடுத்தாய். தாலி அறுத்தவள் கையால் தாலி எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு பக்கத்தார் கேட்டார்கள். உபதேசியார் இல்லாமல் அது என்ன ஜெபம் என்று இன்னொரு பக்கத்தார் கேட்டார்கள். சாப்பிட மட்டும் இரண்டு பக்கத்தாரும் தவறாமல் வந்தார்கள்.

அதற்கான தண்டனை உனக்குத்தான் வந்தது. அடுத்த மாதமே உன்னைத் திருவிருந்திலிருந்து நிறுத்தினார்கள். அப்பமும் ரசமும் கொடுக்கும்போது நீ பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அதைக்கூடத் தாங்கினாய். கூடையை வாங்கிக்கொண்டபோதுதான் நீ உடைந்து போனாய். அன்றிலிருந்து சர்ச்சுக்குப் போவதையும் விட்டாய்.

நம் தெருவில் வேதக்காரர் வீட்டுப் பெண்கள், உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அரிசி இல்லாத நாளில் கேழ்வரகு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தி கூடையோடு வீடு வீடாக வந்து அந்தப் பிடியரிசியை வாங்கிப் போய் சர்ச்சில் காணிக்கையாக வைப்பாள். அந்தக் கூடையைப் பதினேழு வருஷம் சுமந்தவள் நீ. யார் வீட்டில் கலயம் காலி என்று உனக்கு முன்னாலேயே தெரியும். அந்த வாசலில் சும்மா நின்று, போட்டதுபோல் கூடையைச் சாய்த்து வாங்கிக்கொண்டு போவாய்.

கூடை ரெபேக்காள் அக்காவுக்குப் போயிற்று. முதல் ஞாயிறு கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ வாசலில் நின்றாய். அக்கா பக்கத்து வீட்டில் வாங்கினாள். நம் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள். அடுத்த வீட்டில் போய் நின்றாள். சபை ஒழுங்கில் இல்லாதவள் வீட்டு அரிசி வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கத்தப்போனேன். நீ என் வாயைப் பொத்தினாய். "அவ இன்னா பண்ணுவா, பாவம். சொன்னத்த செய்றா" என்று உள்ளே வந்தாய். அடுத்த ஞாயிறும் போய் நின்றாய். எட்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல் நின்றாய். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வரும். மானம் கெட்டுப் போய் ஏன் நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். "நான் அவங்களுக்காடி வெச்சிகினு நிக்கறேன்?" என்று மட்டும் சொன்னாய்.

பிடி எடுப்பதையும் நீ நிறுத்தவில்லை. கலயம் நிறைந்ததும், தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாய். வேதக்காரர் வீடு, அம்மன் கும்பிடுகிற வீடு என்று பார்த்ததில்லை. ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாய். "எவன் வாயில வேணா போவட்டும். நம்ம வாயில மட்டும் போவக்கூடாது. சாமிக்குக் கொட்த்தது கொட்த்ததுதான்."

உன்னை அந்தப் பக்கம் தள்ளினார்கள் என்றால் என்னை இந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. முதல் வருஷம் ஆடியில், தெருக்கோடி மாரியம்மனுக்குக் கூழ் குடம் எடுத்துப் போனேன். "வேதக்கார வூட்டுக் கூழு அம்மனுக்கு ஆவாது" என்று பூசாரி திருப்பிவிட்டார். நைனாவின் செங்கல்லையாவது பார்க்கலாம் என்று காவாந்தண்டலம் போனேன். அந்த இடத்தில் நிலத்துக்காரர் பம்புசெட் கொட்டகை போட்டிருந்தார். செங்கல்லைக் கொட்டகைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்களோ என்னவோ. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் ரோட்டில்தான் இருந்தது.

ஆனால் அத்தை, நீ இருந்த வரைக்கும் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மணியாகக் கட்டியிருக்கிற தண்டவாளத் துண்டை அடித்ததும் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் உட்காருவோம். அங்கே பாட ஆரம்பித்தால் காற்றில் இங்கே வரும். நீ கூடவே பாடுவாய், எப்போதும் அரை வரி பின்னால். பாட்டு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவாய். ஆண்டவரே என்பாய், அப்பா என்பாய். ஒருமுறை மறந்துபோய் முனியா என்றாய். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். நீ மூடின கண்ணைத் திறக்காமலே, "அவருக்கு எல்லாப் பேரும் தெரியும், நீ கண்ண மூடு" என்றாய்.

எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நைனாவின் வார்த்தையைத்தான் சொல்வேன், பேர் இல்லாமல். கூடவே வா, கூடவே வா. அதை ஒரு ஜெபம் என்று உன்னைத் தவிர யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

போன ஆடியில் நடவு தொடங்கவில்லை, யார் வயலிலும் வேலை இல்லை. நெல் வரத்து இல்லாமல் மில்லையும் மூடியிருந்தார்கள். உன் பிள்ளை வேலை தேடிக் காஞ்சிபுரம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ வயிற்றுப்போக்கில் படுத்தாய். நொய்க்கஞ்சி மட்டும் கொடு என்றார் கம்பவுண்டர். வீட்டில் நொய் ஏது, அரிசி ஏது? முருங்கைக்கீரையை வேகவைத்து நானும் குழந்தையும் இரண்டு நாள் ஓட்டினோம். உனக்கு அது தங்கவில்லை. தெருவில் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் கீரைதான் தின்றுகொண்டிருந்தார்கள்.

கலயத்தில் முக்கால்வாசி அரிசி இருந்தது.

நான் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு எடுத்தேன். ஐந்து நாள் அதில்தான் உனக்குக் கஞ்சி வைத்தேன். முதல் நாளே, "அரிசி ஏதுடி?" என்று கேட்டாய். "பெரிய வூட்ல நடவுக்கு முன்கூலி கொட்த்தாங்க" என்றேன். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். நீ நம்பிக் குடித்தாய். "கஞ்சி நல்லா கீதுடி" என்றாய். ஆறாம் நாள் காலையில் போய்விட்டாய்.

உன் வாயில் போகக் கூடாது என்று நீயே எடுத்து வைத்ததை உன் வாயிலேயே ஊட்டிவிட்டேன். அந்த வாரம் நம் தெருவில் அடுப்பு எரியாத வீடு நம் வீடும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது போதுமாக இருக்கிறது. சில நாள், உலையில் அரிசி போடும்போது கலயத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நான் அவரிடமிருந்து திருடினேனா? இல்லை, எட்டு வருஷமாக யாரும் வாங்காததை அவரே வாங்கி உனக்குக் கொடுத்தாரா? நீ இதைக் கேட்டு என்னைத் திட்டுவாயா, சிரிப்பாயா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை.

உன்னை அடக்கம் பண்ண உபதேசியார் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை, வேலிக்கு வெளியேதான் என்றார்கள். உன் பிள்ளை செய்தி தெரிந்து ஓடிவந்து, அவரே குழி வெட்டினார். ஜெபம் பண்ண அவருக்கு வாய் வரவில்லை. நான் என் வார்த்தையைச் சொன்னேன். ரெபேக்காள் அக்கா வந்து உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன மன்னிச்சிடு சாராள்" என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். உனக்கும் கேட்டிருக்குமா?

உன் பிள்ளை அன்றைக்குப் பயந்துபோனார் அத்தை. பெற்ற தாயை ஒரு பாட்டு இல்லாமல், ஒரு வசனம் இல்லாமல் மண்ணில் இறக்கினது அவருக்குத் தாங்கவில்லை. "எம் பொண்ணுக்கு இப்டி ஆவக்கூடாது" என்றார். முப்பதாம் நாள் சர்ச்சுக்குப் போய் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள். எஸ்தருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. என்னைக் கேட்டுத்தான் செய்தார், நானும் சரி என்றுதான் சொன்னேன். அவரை நீ கோபிக்காதே, நானும் கோபிக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு எனக்குப் பெரிதாகிவிடுகிறது. குழந்தைக்குத் தலைவாரி, ரிப்பன் கட்டி, இரண்டு பேரையும் வாசலில் நின்று அனுப்புகிறேன். தெருவே போகிறது. பிறகு ஒரு சத்தமும் இல்லை, கோழி சத்தம்தான். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு வருகிறது, அரை வரி பின்னால் பாட ஆள் இல்லை. எனக்குத் தனியாகப் பாட வெட்கமாக இருக்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அவரோடு மட்டும் இருப்பது எவ்வளவு தனியாக இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே அத்தை. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நான் பக்கத்தில் இருந்தும் இருந்ததா?

"ஊரோட ஒத்துப் போயேன் அஞ்சல, தலையில நாலு சொட்டுத் தண்ணி, அதுல இன்னா கொறஞ்சிடப் போறே?" என்று தண்ணீர் எடுக்கிற இடத்தில் கேட்கிறார்கள். அம்மன் பக்கத்துப் பெண்கள்கூட அதையேதான் சொல்கிறார்கள். எங்கேயாவது ஓரிடத்தில் நான் போய் அடைந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

இந்த மாசியில் ஒரு புதுப் போதகர் வந்தார். நல்ல மனுஷர். வந்த முதல் மாதமே, அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் கூடை நிற்பதில்லை என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு ரெபேக்காள் அக்கா நம் வாசலில் வந்து நின்றாள். "அஞ்சல, இருந்தா போடும்மா. இல்லாங்காட்டி சும்மா நின்னுட்டுப் போறேன்" என்றாள்.

எட்டு வருஷம் நீ எதிர்பார்த்து நின்ற கூடை. நான் கலயத்தோடு வந்து, இது சாராள் போடுகிறது என்று சொல்லிக் கவிழ்த்தேன். போடாமல் கதவைச் சாத்தியிருக்கலாம். உன் இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அது வரவில்லை. பிறகு உள்ளே போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். எட்டு மாதம் முன்னால் அந்தப் போதகர் வந்திருக்கக் கூடாதா?

மறுமாதம் போதகரே வந்தார். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறேன், நீயும் வா அம்மா என்றார். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். புத்தகத்தில் இருப்பதை நான் எடுக்க முடியாது என்றார். "சரிங்கய்யா, விட்டுவிடுகிறேன்னு சொல்லும்போது நான் யார மனசுல நெனச்சிகினு சொல்றது?" என்றேன். யோசித்துச் சொல் என்று அவர் எழுந்து போனார்.

உன் பிள்ளை என்னை வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மட்டும் சொன்னார்: "ஒரு வாட்டி மூணு பேரும் ஒண்ணா போலாம்னு கீது. அவ்ளதான்." அந்த 'அவ்ளதான்' என்னை என்னவோ செய்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் குழந்தை அழுதுகொண்டு வந்திருந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் உபதேசியார் சொன்னாராம். "யம்மா, நீ செத்தா நானும் நைனாவும் கீற சொர்க்கத்துக்கு வர மாட்டியாமே?"

நீயே சொல், அதற்கு மேல் யார் தாங்குவார்கள்? நான் முடிவு செய்தேன். நீ செய்ததுபோலவே செய்துவிடுவது என்று. வாய் சொல்லட்டும், மனது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளட்டும். நைனா என் தகப்பன், புரிந்துகொள்வார். எஸ்தரை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "அயுவாத கண்ணு. அம்மாவும் ஞானஸ்நானம் வாங்கிகிறேன். ஆயா ஏற்கெனவே அங்க கீறாங்க, அப்புறம் நாம எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றேன். அவளுக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கும் மனது லேசாகிவிட்டது. ஈஸ்டருக்குக் கட்டிக்கொள்ள உன் வெள்ளைச் சேலையைத் துவைத்து, நீலம் போட்டுக் காய வைத்தேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து எஸ்தர் முன்னால் ஓடிவந்தாள். முகம் சுருங்கியிருந்தது. வகுப்பில் எழுந்து நின்று, எங்கம்மா வரப்போறாங்க, எங்க ஆயா அங்க முன்னாடியே போய்ட்டாங்க என்று சொன்னாளாம்.

"அதுக்கு உபதேசியாரு இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஆயா அங்க கீறாங்களான்னு தெரியாதாம்" என்றாள். "அவங்க ஒழுங்குல இல்லியாம். தெரியாதாம்மா."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று அத்தை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மனுஷர் மனதில் பட்டதைத்தான் சொல்லியிருப்பார். கூடை சுமந்தவள், காலிக் கலயம் வைத்திருந்தவர்கள் மானத்தைக் காத்தவள், எனக்காக அப்பத்தை இழந்தவள், நீ அங்கே இருக்கிறாயா என்று அவர்களுக்கே தெரியாதாம். நீ இருக்கிறாயோ இல்லையோ என்கிற இடத்துக்கு, என் நைனாவை விட்டுவிடுகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நான் எதற்குப் போக வேண்டும்?

போதகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வரவில்லை என்று. காய்ந்திருந்த சேலையை உன் பிள்ளை எடுத்து மடித்து, பெட்டிக்குள் அவரே வைத்தார். அன்றைக்கு அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வாசலில் நின்றார்.

எஸ்தர்தான் விடவில்லை. "அப்ப ஆயா எங்கதாம்மா கீறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு உன்னைப் புதைத்த இடத்துக்குப் போனேன். வேலிக்கு வெளியே காரைச் செடி மண்டிக் கிடந்தது. இரண்டு பேரும் பிடுங்கிப் போட்டோம். "சாமி எங்கெல்லாம் கீறாரு?" என்று அவளைக் கேட்டேன். "எங்கயும் கீறாரு" என்றாள், வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுபோல. "வேலிக்கு இந்தாண்ட?" என்றேன். வேலியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "இந்தாண்டயும்தான்" என்றாள். "அப்ப ஆயா அவராண்டதான் கீறாங்க" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அத்தை. எஸ்தருக்கு ஞாயிறுதோறும் தலைவாரி அனுப்புவேன், அவள் சர்ச் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேச மாட்டேன். என் உலைக்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக்கொண்டே இருப்பேன். வாங்க ஆள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அந்தக் கேள்விக்கு மட்டும், சாகிற நாளிலும் பதில் சொல்ல மாட்டேன். நான் செத்தால் வேலிக்கு வெளியேதான் போடுவார்கள். எனக்கு அதில் பயம் இல்லை. பக்கத்தில் நீ இருக்கிறாய். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாயே, அதுபோல அவர் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார். நான் வந்துவிடுகிறேன்.

உன் அண்ணன் பெண்ணும் உன் வீட்டு மருமகளுமான
அஞ்சலை